முதுமையிற் பற்களின் பரிபாலனம்

(ஓசூரில் கூடிய நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



இச்சபையில் கல்வியைப் பற்றியும், விவாகச் செலவைக் குறைத்தலைப் பற்றியும், வாலிபர்களின் உத்தியோகத்தைப் பற்றியும் பேசிய அறிவாளிகள் பலர். அவர்கள் நின்ற இடத்தில் நின்று, ஆலையொன்றில் முப்பது வருஷகாலம் இரும்பைக் கடைந்து பிழைத்த நான், பற்களைப் பற்றிப் பேச முன்வந்தது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். நகைக்கட்டும்; நகைப்பதற்கும் பற்கள் வேண்டுமன்றோ? நம்மவருட் பலர் வாயைக் கையால் மூடிக்கொண்டே நகைக்கிறார்கள். அதுவே நான் பேசப் புகுந்த விஷயத்தின் தொடக்கம்.

நமது பிரதேசத்தின் நீரைப் பற்றி முதலிற் சொல்லவேண்டும். கிருஷ்ணகிரி, தருமபுரி ஜில்லாக்களின் நிலத்தடியிலுள்ள கடினப் பாறைகளில் புளோரைடு என்னும் உப்புச்சத்து உண்டு. கிணறு ஆழ ஆழ, பாறையிடுக்கில் நெடுநாள் தங்கிய நீரில் அது அதிகமாகக் கரைந்து வருகிறது. ஒரு லிட்டர் நீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் விதி. அதற்கு மேற்பட்ட நீரை, பற்கள் ஈறுக்குள்ளே உருவாகின்ற பால்யத்தில், அதாவது ஏறக்குறைய எட்டு வயதுக்குள், தொடர்ந்து அருந்தினால், முளைக்கின்ற நிலைப்பற்களில் வெண்புள்ளிகளும் மஞ்சள், பழுப்புக் கறைகளும் உண்டாகின்றன. கடுமையானால் பல்லின் மேற்பூச்சே குழிவிழுந்து உதிர்கிறது. அதிகமான அளவில் அநேக வருஷங்கள் அருந்தினால் எலும்பும் மூட்டும் விறைத்துப்போகும். 1937-ஆம் வருஷத்திலேயே ஷார்ட் என்பவரும் அவருடைய சகாக்களும் சென்னை மாகாணத்தில், நெல்லூர்ப் பக்கத்துக் கிராமங்களில், இந்த நோயை ஆராய்ந்து வெளியிட்டனர். நமது ஜில்லாக்களுக்கு அதன் பரிகாரமாகக் காவிரி நீரை ஒகேனக்கல்லிலிருந்து மேட்டுக்கு ஏற்றிக் கொணரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பான் தேசத்துக் கடனுதவியுடன் நிறைவேறி, 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. அத்திட்டத்தின் பெயரிலேயே புளோரைடு நோய்த் தணிப்பு என்னும் சொற்கள் அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது. இன்றைய குழந்தைகளுக்கு அது பெரும் பாக்கியம். ஆனால் அதற்கு முன் வளர்ந்துவிட்ட நமக்கு, பல்லில் ஏறிய கறை ஏறியதுதான். இன்னும் ஆழ்துளைக் கிணற்று நீரையே அருந்துவோர் ஒன்றறிந்து கொள்ளவேண்டும்: காய்ச்சுவதால் புளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற அதன் அளவு மிகுமேயன்றிக் குறையாது.

இவ்விடத்தில் ஒரு பெரும் பிழையைக் கண்டிக்க வேண்டியவனாயிருக்கிறேன். கறைபட்ட பல்லைச் சொத்தைப் பல்லென்று எண்ணி, நல்ல வேருள்ள பற்களைப் பிடுங்குவித்துக்கொள்வோர் இருக்கிறார்கள். கறை வேறு, சொத்தை வேறு. கறையை மறைக்க, பல்லைப் பிடுங்காமலே மேலே பூசவும் உறையிடவும் பல்மருத்துவர்கள் அறிவார்கள். பெண் பார்க்கச் சென்ற இடத்தில் கறைப்பல்லைக் கண்டு திரும்பிவரும் வழக்கமும் நம்முள் இருக்கிறது. அப்பெண் செய்த குற்றம் தன் ஊர்க் கிணற்று நீரைக் குடித்ததேயாம்! அந்தக் கிணறு நம்முடைய கிணறு. அந்தப் பெண் நம்முடைய பெண். இதைக் குறையென்று சொல்லும் மாப்பிள்ளை வீட்டார், முதலில் தங்கள் வீட்டுக் கண்ணாடியிற் பார்த்துக்கொள்வது நலம்.

இனி முதியோரின் நிலையைச் சொல்லுகிறேன். பிறர் கதையைச் சொல்வதினும் என் வீட்டுக் கதையைச் சொல்வதே நேர்மை. என் தாயாருக்கு அறுபது வயதுக்குள் பற்களெல்லாம் விழுந்துவிட்டன. பல் செட்டு வைக்கலாம் என்று ஒருவர் சொன்னபோது, "களியை விழுங்குகிறவர்களுக்குப் பல் எதற்கு?" என்றேன். நம் சீமையில் கேழ்வரகுக் களியை மெல்லுவதில்லை, உருட்டி விழுங்குவதே வழக்கம் என்பது நீங்கள் அறிந்ததே. அந்த வார்த்தையை வேடிக்கையாகச் சொன்னேன். பணத்தை மிச்சப்படுத்தவும் சொன்னேன் என்பதை இன்று ஒப்புக்கொள்ளுகிறேன். அவர் களியையும் கஞ்சியையும் கொண்டே காலங்கழித்தார். அவரைக்காய் போயிற்று, கீரைத்தண்டு போயிற்று, வேர்க்கடலை போயிற்று. அவர் கையால் நட்ட மாமரத்துக் கனியையும் பிழிந்து கொடுத்தாலன்றி உண்ண முடியாமற் போயிற்று.

நம் உறவினர் கலியாணமொன்றில் பந்தியில் அமர்ந்திருந்தோம். எல்லாரும் உண்டு முடித்து எழுந்தார்கள். தாயாரின் இலையில் பாதிக்குமேல் அப்படியே இருந்தது. அடுத்த பந்திக்காக ஜனங்கள் நாற்காலியின் பின்னே வந்து நின்றுவிட்டார்கள். அவர் இலையை மடித்துவிட்டு எழுந்தார். "வயிறு நிறைந்துவிட்டது" என்றார். அதற்குப்பின் அவர் ஒரு விருந்துக்கும் வரவில்லை. முழங்கால் வலி என்று சொல்லுவார், நானும் நம்பினேன். அவர் காலமான பிறகு, எனக்கும் பற்கள் விழுந்து, ஒரு பந்தியில் நானும் அவ்வாறே இலையை மடித்தபோதுதான், அது முழங்கால் வலியன்று என்பது எனக்கு விளங்கிற்று.

நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பது நம் முன்னோர் மொழி. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருந்துகளை அடுக்கிச் சொல்லாமல், பெரும்பாலும் உணவின் அளவையும் செரிமானத்தையுமே பேசினார். பல்லிழந்தவர் மெல்லத்தக்க காய், பழம், பருப்பு, இறைச்சி யாவற்றையும் ஒதுக்கி, மாவுப்பொருளையே நாடுகிறார். அதனால் சத்துக் குறைகிறது. நீரிழிவு உள்ளவருக்குச் சர்க்கரையும் ஏறுகிறது.

உணவு மட்டுமன்று, சொல்லும் போகிறது. பல் போனால் சொல் போச்சு என்பது பழமொழி. எழுத்துக்களின் பிறப்பைக் கூறும் தொல்காப்பியர், வகரம் பல்லும் உதடும் பொருந்தப் பிறப்பதென விதித்திருக்கிறார். வீட்டுக்கு வந்தவரை நாம் முதன்முதல் அழைக்கும் "வாருங்கள்" என்னும் சொல்லே வகரத்தில் தொடங்குகிறது. பல்லில்லாத பெரியவர் அதைத் திருத்தமாகச் சொல்ல இயலாமல், விருந்தினரைக் கண்டால் உள்ளறைக்குப் போய்விடுகிறார். நாம் அவருக்கு மறதி வந்துவிட்டது என்கிறோம்.

செயற்கைப் பல் இன்று நேற்று வந்ததன்று. ஜப்பானில் 1538-ஆம் வருஷம் காலமான ஒரு பௌத்த சந்நியாசினி தரித்திருந்த, மரத்தைக் குடைந்து செய்த பல் செட்டு இன்றளவும் கிடைத்திருக்கிறது. ஐரோப்பாவில் யானைத் தந்தத்தாலும் இறந்தோரின் பற்களாலும் செய்தனர். 1815-இல் நடந்த வாட்டர்லூ யுத்தத்தில் மடிந்த வீரர்களின் பற்களைச் சேகரித்து விற்றமையால், அப்படிப்பட்ட செட்டுகளுக்கு வாட்டர்லூப் பற்கள் என்றே பெயர் வழங்கிற்று. பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடினப்படுத்திய ரப்பரும், 1930-களின் பிற்பகுதியிலிருந்து அக்ரிலிக்கும் வந்தன. அரசர்க்கும் தனவந்தர்க்கும் உரியதாயிருந்த பொருள் ஏழைக்கும் எட்டியது இவ்வாறே.

பல் செட்டைத் தரிப்போர்க்கு அனுபவத்தாலும் மருத்துவர் வாக்காலும் நான் அறிந்த சிலவற்றைக் கூறுகிறேன். முதற் சில வாரங்கள் வாயில் உமிழ்நீர் மிகும், பேச்சுக் குழறும், ஈறு நோகும். இதனாற் சலித்துப் பெட்டியில் வைத்துவிடுதல் கூடாது. மெல்லிய உணவைச் சிறுகச் சிறுக, இரு புறமும் ஒருங்கே மெல்லவேண்டும். உரக்க வாசித்துப் பழகினால் பேச்சுத் திருந்தும். இரவில் செட்டைக் கழற்றி நீரிலிட்டு, ஈறுக்கு ஓய்வு கொடுக்கவேண்டும். ஜப்பானில் மிக முதியோரை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டதில், செட்டுடன் உறங்குவோர்க்கு நிமோனியாக் காய்ச்சல் ஏறக்குறைய இரு மடங்கு அதிகமாகக் காணப்பட்டதாம். மென்மையான பிரஷ்ஷும் சிறிது சோப்பும் கொண்டு கழுவவேண்டும். கொதிநீர் பட்டால் செட்டின் வடிவம் கெடும். கழுவும்போது கீழே ஒரு பாத்திரத்தில் நீர் நிரப்பி வைத்தால், கை தவறினாலும் உடையாது. செட்டின் உட்புறத்திற் பெயரைப் பொறிக்கச் செய்தால் ஆஸ்பத்திரியிலும் யாத்திரையிலும் தொலையாது.

செட்டு கடித்தால் நீங்களே அரத்தை எடுத்து ராவாதீர்கள். இதை நம் ஆலைச் சகோதரர்களுக்கே விசேஷமாகச் சொல்லுகிறேன். ஏனெனில் நானே அப்படிச் செய்து ஒரு செட்டைப் பாழாக்கினவன். பட்டறையில் அச்சும் குழியும் நூலளவு பிசகாமற் பொருந்தும்; பொருந்தியபின் அப்படியே நிற்கும். வாயிலோ அவ்வாறன்று. வேர் போன இடத்து எலும்பு வருஷந்தோறும் தேய்ந்து குறைகிறது. செட்டு அப்படியே இருக்க, அது அமர்ந்த தளம் தாழ்கிறது. ஆகையால் சில வருஷங்களுக்கொரு முறை உட்புறத்தை நிரப்பித் திருத்தவோ, புதிதாய்ச் செய்யவோ வேண்டியது இயல்பே. பல்லே இல்லாதவரும் வருஷத்துக்கொருமுறை மருத்துவரிடம் வாயைக் காட்டவேண்டும். வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால், விசேஷமாகப் புகையிலை போடுவோர், ஒருநாளும் தாமதிக்கலாகாது.

இம்பிளான்ட் என்பதைப் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். சுவீடன் தேசத்துப் பிரானெமார்க் என்னும் வைத்திய விஞ்ஞானி, 1952-இல் முயலின் எலும்பில் இரத்த ஓட்டத்தை ஆராயும்பொருட்டு டைட்டானிய உலோகத்தாலான கருவியொன்றைப் பதித்தார். ஆராய்ச்சி முடிந்து அதைக் கழற்ற முயன்றபோது கழற்ற முடியவில்லை. எலும்பு அதனோடு ஒன்றி வளர்ந்துவிட்டிருந்தது. 1965-இல் லார்சன் என்னும் மனிதருக்கு அவ்வுலோகத்தாலான செயற்கை வேர்களைத் தாடையில் முதன்முதற் பதித்தார். அவை லார்சன் 2006-இல் இறக்குமளவும் பயன்பட்டன. ஓசூரில் உலோகத்தோடு உறவாடும் நமக்கு இது விளங்கக் கூடியதே: திருகாணிபோன்ற சிறு வேரை எலும்பிற் பதித்து, எலும்பு பற்றிக்கொள்ளப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் பொறுத்து, அதன்மேற் பல்லை அமைக்கிறார்கள்.

எல்லாப் பற்களுக்கும் இம்பிளான்ட் வேண்டுமென்பதில்லை. கீழ்த்தாடைச் செட்டுத்தான் நாவசைவில் எழும்பி எழும்பித் தொல்லை தருவது. அங்கே முன்புறத்தில் இரண்டே இம்பிளான்ட்டுகளைப் பதித்து, சட்டைப் பித்தான்போலச் செட்டை அவற்றின்மேல் அழுத்திப் பொருத்தலாம். 2002-இல் கனடா தேசத்து மெக்கில் சர்வகலாசாலையிற் கூடிய நிபுணர்கள், கீழ்த்தாடையில் பல்லற்றவர்க்கு இதுவே முதலில் எண்ணத்தக்க வழி என்று தீர்மானித்தனர். என் வாயிலிருப்பதும் அதுவே. வயது மட்டும் இதற்குத் தடையன்று. ஆனால் கட்டுப்படாத நீரிழிவும் புகையிலையும் பெருந்தடைகள். எலும்பு உறுதிக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் அதை மறைக்காமற் சொல்லவேண்டும். இம்பிளான்ட்டுக்குச் சொத்தை வராது. எனினும் சுத்தமில்லாவிடில் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் அழுகி, அது கழன்றுவிடும். இயற்கைப் பல்லின் வேரைச் சுற்றி அழுத்தத்தை உணரும் மெல்லிய நார்கள் உண்டு. இம்பிளான்ட்டுக்கு அவை இல்லை. ஆதலால் எலும்பையும் கொட்டைப் பாக்கையும் கடித்துப் பரீட்சை செய்யலாகாது. ஒரே நாளில் எல்லாப் பல்லையும் பிடுங்கி எல்லாம் பதிக்கவேண்டுமென்று ஒருவர் அவசரப்படுத்தினால், இன்னொரு மருத்துவரையும் கேட்பது விவேகம்.

செலவுக்கு அஞ்சுவோர் பல்மருத்துவக் கல்லூரிகளை நாடலாம். சென்னையில் அரசாங்கக் கல்லூரி 1953 முதல் இருக்கிறது. நம் எல்லைக்கு அருகே பெங்களூரிலும் அரசாங்கக் கல்லூரி உண்டு. அங்கே மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையிற் செய்வர்; பலமுறை சென்றுவர நேரும்; செலவு குறையும்.

முடிவாகச் சங்கத்துக்கு மூன்று விண்ணப்பங்கள். முதலாவது, கல்வி நிதியைப்போலவே, வசதியற்ற நம் முதியோர்க்குப் பல் செட்டுச் செய்விக்க ஒரு சிறு நிதி வேண்டும். இரண்டாவது, கறைப்பல்லைக் காரணங்காட்டிப் பெண்ணையோ பிள்ளையையோ தள்ளுவதில்லை என்று இச்சபை தீர்மானிக்க வேண்டும். மூன்றாவது காசு செலவில்லாதது: நம் விருந்துகளில் முதியோர்க்கு ஒரு தனிவரிசை ஏற்படுத்தி, குழைய வெந்த பதார்த்தங்களைப் பரிமாறி, அவர்கள் தாமே எழும்வரை நாற்காலியின் பின்னே ஒருவரும் நில்லாதிருக்க வேண்டும்.

"களிக்குப் பல் எதற்கு" என்று நான் சொன்ன சொல்லை இனித் திருப்பிப்பெற முடியாது. உங்கள் வீட்டிலும் விருந்துக்கு வராமல் முழங்கால் வலியென்று சொல்லும் பெரியவர் இருக்கலாம். இன்று வீடு திரும்பியதும் அவர் அருகில் அமர்ந்து, என்ன உண்டார் என்று மட்டுமன்று, எதை உண்ணாமல் ஒதுக்கினார் என்றும் கேளுங்கள்.