தேகாப்பியாசமும் நெஞ்சு நோவும்



சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் முன்னோர் வாக்கு. அச்சுவரைப் பலப்படுத்தவே தேகாப்பியாசம் செய்கின்றோம். ஆயினும், அளவு மீறிய பயிற்சிக்குப் பின் நெஞ்சில் நோவும், சிலருக்குக் கட்டி போன்ற வீக்கமும் தோன்றுவதுண்டு. அப்பொழுது இளைஞர் வெட்கத்தால் அதனை மறைக்கின்றனர். பெரியோரோ மாரடைப்பென்று கலங்குகின்றனர், அல்லது வாய்வென்று ஓமத்தண்ணீர் கொடுத்து அமைகின்றனர். இவற்றுள் எதுவும் சரியான வழியன்று.

நமக்கு 12 சோடி விலா எலும்புகள் உள. மேலுள்ள 7 சோடிகளும் கசியிழையத்தினால் நெஞ்செலும்புடன் நேரே பொருந்தியிருக்கின்றன. பழக்கமின்றி ஒரே நாளில் பல தண்டால் எடுத்தால், அல்லது பெரும்பாரம் தூக்கினால், நெஞ்சுத் தசைகள் நோகும். அந்நோவு இரண்டாம் மூன்றாம் நாளில் மிகுந்து, பின் தானே தணியும். விலாவும் கசியிழையமும் சேருமிடம் அழற்சியுற்றால் தொட்டவிடம் நோகும், வீக்கம் இராது. வீக்கமும் சேர்ந்து வருவது அரிது. அதனை 1921ஆம் ஆண்டில் ஜேர்மனியச் சத்திரசிகிச்சை நிபுணர் அலெக்சாண்டர் டீட்சே விவரித்தார். பெரும்பாலும் 2ஆம் அல்லது 3ஆம் விலாவருகே தோன்றும் இவ்வீக்கம் புற்றுநோயன்று.

நெஞ்செலும்பின் கீழ்நுனி பிறவியிலேயே உள்ளது. உடல் மெலிந்தபின் அது கையில் தட்டுப்பட, புதிய கட்டியென்று அஞ்சுவோருமுண்டு. வாலிபப் பருவத்தில் முலைக்காம்பின் கீழ் நோவுடன் சிறு திரட்சி தோன்றுவதும் சாதாரணமே. பெரும்பாலும் அது காலப்போக்கில் மறையும். ஆனால், தசை பெருக்குவதற்கென்று இரகசியமாக விற்கப்படும் ஹோர்மோன் ஊசிகளும் குளிசைகளும் இத்திரட்சியை உண்டாக்குவதோடு இதயத்தையும் கெடுக்கும். நண்பர்களே, அவற்றை அணுகாதீர்கள்!

அமத்தினால் நோகின்றது, ஆகவே இதயத்தில் குறையில்லை என்று நாமே தீர்ப்புக் கூறலாகாது. உழைக்கும்போது நெஞ்சு இறுகுதல், நோவு கைக்கோ தாடைக்கோ பரவுதல், மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, மயக்கம் ஆகியவை அபாயக் குறிகள். இவை தோன்றின் 1990 என்னும் இலக்கத்திற்குத் தொலைபேசியில் அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். வயதில் இளையோர் என்பதும் காப்பாகாது: இதயத்தசை தடிக்கும் பரம்பரை நோய், பயிற்சியின்போது இளைஞரையும் வீழ்த்த வல்லது. குடும்பத்தில் எவரேனும் இளவயதில் திடீரென இறந்திருப்பின், அதனை வைத்தியருக்கு மறைக்காது சொல்லுங்கள்.

கட்டி இரண்டு மூன்று வாரங்களில் தணியாவிடின், அல்லது பெருத்தும் இறுகியும் வரின், எண்ணெய் பூசி உருவிக்கொண்டிராது வைத்தியரிடம் காட்டுங்கள். நோவு தணியும்வரை பாரம் தூக்குவதை நிறுத்தி, பின் சிறிது சிறிதாகத் தொடங்குங்கள்.

இளைஞர்களே, நோவை மறைப்பது வீரமாகாது. பெரியோர்களே, பிள்ளை வந்து சொல்லும்போது நகையாது கேளுங்கள். கேட்கும் செவி இருந்தால்தான் சொல்லும் வாய் திறக்கும்.