யந்திர மனிதன் பக்கத்தில் நிற்கப் போவது யார்?

(இளம் இன்ஜினீயர்களும் ஆலைத் தொழிலாளரும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

"ரோபோ" என்ற சொல்லை நீங்கள் கல்லூரியில் படித்திருப்பீர்கள். அது எந்த வயலிலிருந்து வந்தது என்று அங்கே சொல்லியிருக்க மாட்டார்கள். செக் மொழியில் "ரோபோதா" என்றால் வெட்டி வேலை. வாரத்தில் இத்தனை நாள் என்று கூலியில்லாமல் பிரபுவின் நிலத்தில் குடியானவன் உழுதே தீரவேண்டும். ஆஸ்திரிய சாம்ராஜ்யத்தில் அந்த முறை 1848-ல்தான் ஒழிந்தது. காரல் சாப்பெக் என்ற செக் நாடகாசிரியர் 1920-ல் எழுதிய நாடகத்தில், தொழிற்சாலையில் செய்யப்பட்ட வேலையாட்களுக்கு இந்தப் பெயரை வைத்தார். பண்ணையில் உழைத்தவர்களுக்கு இந்தச் சொல்லின் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை.

யந்திரம் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. 2011-ல் ஜப்பானில் புகுஷிமா அணுமின் நிலைய விபத்தின்போது, கதிர்வீச்சுக்கு நடுவே வால்வைத் திருக மனிதர்களே போக வேண்டியிருந்தது. அங்கே மனிதனுக்குப் பதில் யந்திரம் போகட்டும், தாராளமாகப் போகட்டும். அந்த விபத்தைக் கண்டுதான் அமெரிக்க ராணுவ இலாகா ஒரு போட்டி நடத்தியது. கதவைத் திற, வால்வைத் திருகு, படி ஏறு என்பதெல்லாம் பரீட்சை. 2015-ல் தென் கொரியக் குழு ஜெயித்தது. மற்ற யந்திரங்கள் பல, கதவைத் தொட்டதும் பொத்தென்று விழுந்தன. உலகமே பார்த்துச் சிரித்தது.

ஆனால் அந்த விழுகையில்தான் விஷயம் இருக்கிறது. ஆலையில் ஆபத்து வந்தால் நாம் என்ன செய்கிறோம்? சிவப்புப் பொத்தானை அமுக்குகிறோம். கரண்ட் போகிறது, மெஷின் நிற்கிறது. இரண்டு காலில் நிற்கும் யந்திரம் அப்படியல்ல. கம்பி மேல் நடப்பவனைப் போல், ஒவ்வொரு கணமும் தன்னை நிமிர்த்திக்கொண்டேதான் அது நிற்கிறது. கரண்டை நிறுத்தினால் சாய்ந்துவிடும். 60, 70 கிலோ கனம் யார் மேல் விழும்? பக்கத்தில் நிற்கிறவன் மேல். காப்பாற்ற வைத்த பொத்தானே காலை வாரிவிடும்! இப்படிப்பட்ட யந்திரத்துக்கென்று சர்வதேசப் பாதுகாப்பு விதி வகுக்கும் வேலை 2025-லும் முடியவில்லை. யந்திரமோ அதற்குள் கிடங்குகளில் வேலைக்கு இறங்கிவிட்டது.

1979 ஜனவரி 25-ந் தேதி. அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணம். ஃபோர்டு கம்பெனியின் வார்ப்படச் சாலை. 25 வயதுத் தொழிலாளி ஒருவர் சாமான் எடுக்க அடுக்கின் மேல் ஏறினார். யந்திரக் கை வந்து தலையில் அடித்தது. அங்கேயே மாண்டார். கை நெருங்குகிறது என்று எச்சரிக்க ஒரு மணிச் சத்தம்கூட இல்லை என்று குடும்பத்தார் வழக்காடினார்கள். 1983-ல் ஜூரிகள் ஒரு கோடி டாலர் நஷ்ட ஈடு விதித்தார்கள். யந்திரத்தை வரைந்தவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அந்த அடுக்கில் ஓர் ஆள் ஏற நேரும் என்று அவருக்குத் தோன்றாமல் இருந்திருக்கலாம். ஏறுகிறவனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

தோன்றினாலும் சொல்ல முடிகிறதா? 2025 நவம்பரில் கலிபோர்னியாவில் ஒரு வழக்கு தாக்கலாயிற்று. யந்திர மனிதன் செய்யும் ஃபிகர் என்ற கம்பெனியில் பாதுகாப்புக்குத் தலைவராயிருந்த இன்ஜினீயர் போட்ட வழக்கு. இந்த யந்திரத்தின் வேகம் மனித மண்டையோட்டை உடைக்கப் போதும் என்று மேலிடத்துக்கு எழுதினேன், அதனால் வேலை போயிற்று என்பது அவர் புகார். வேலை சரியில்லை, அதனால் நீக்கினோம் என்பது கம்பெனியின் பதில். தீர்ப்பைக் கோர்ட்டு சொல்லட்டும். ஆனால் எச்சரித்தேன், சீட்டைக் கிழித்தார்கள் என்ற பேச்சு நமக்குப் புதிதா?

ராணுவத்தின் பக்கமும் ஒரு கண் இருக்கட்டும். 2022-ல் ஆறு ரோபோ கம்பெனிகள் கூடி, பொதுவாக விற்கும் யந்திரங்களில் ஆயுதம் பொருத்த மாட்டோம் என்று கடிதம் எழுதின. நல்லது. எழுதாத கம்பெனிகள் எத்தனை?

நம் ஊருக்கு வருகிறேன். துண்டும் விரிப்பும் நெய்து உலகுக்கு அனுப்பும் கரூரில், இளைஞர்கள் நெற்றியில் காமிராவைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்கத் துண்டு மடிப்பதை 2025-ல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று எழுதியது. எதற்காக மடிக்கிறார்கள்? யந்திர மனிதனின் கைக்கு மடிக்கக் கற்றுக்கொடுக்க! எந்த விரல் முந்துகிறது, எவ்வளவு அழுத்துகிறது என்பதெல்லாம் படமாகிக் கடல் தாண்டுகிறது. நீங்கள் அதை "டேட்டா" என்கிறீர்கள். தாயிடமும் தறியிடமும் கற்ற கைத்திறன் அது. மடித்தவருக்கு அன்றைக்குக் கூலி. அந்தத் திறன் ஆயிரம் யந்திரங்களில் ஓடும்போது அவருக்குப் பங்கு உண்டா? எதற்குப் பயன்படும் என்று அவரிடம் சொன்னார்களா? ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குமுன் இதைக் கேட்கவேண்டியவர் இன்ஜினீயர். அந்தப் படத்தை உபயோகிக்கப் போகிறவர் நீங்கள்தானே!

ஆகவே இளம் நண்பர்களே, வரைபடம் உங்கள் மேஜையை விட்டுப் போகுமுன், யந்திரத்தின் பக்கத்தில் நிற்கப் போகிறவரிடம் அதைக் காட்டுங்கள். விழுந்தால் எந்தப் பக்கம் விழும் என்று சோதித்து, முடிவை அவருக்குத் தெரிகிற பாஷையில் எழுதி ஒட்டுங்கள். ஆபத்து என்று கண்டால் எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள், தனியாகப் போகாதீர்கள். மேனேஜரிடம் தனியாகப் போனவன் கதையை இங்கே இருக்கும் எந்த ஆலைத் தொழிலாளியும் உங்களுக்குச் சொல்வார்.

கார்டிங்கில் 30 வருஷம் மெஷினோடு நின்றவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். கூட்டம் கலைந்ததும் பஸ்ஸுக்கு ஓடிவிடாதீர்கள். அவர்களிடம் உட்கார்ந்து, விரலை எப்படிக் காப்பாற்றினார்கள், எந்த மெஷினிடம் எப்படி இழந்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.