உறுமும் நாயின் முன்னே

விடியற்காலை, குறுக்குத்துறைக்கு ஆற்றில் குளிக்கப் போகிறீர்கள். தெருமுனையில் ஒரு நாய் உறுமுகிறது. ஓடாதீர்கள், ஓடுவதைத் துரத்துவது அதன் பிறவிக்குணம். அசையாமல் நில்லுங்கள். முறைத்துப் பார்க்காமல், முதுகைக் காட்டாமல், மெல்லப் பின்வாங்குங்கள். பாய்ந்தால் துண்டையோ வாளியையோ குறுக்கே நீட்டுங்கள். விழுந்துவிட்டால் சுருண்டு படுத்து, கழுத்தையும் காதையும் கையால் மூடிக்கொள்ளுங்கள்.

கடித்துவிட்டால் மஞ்சள், சுண்ணாம்பு எதையும் பூசாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கோ போங்கள். ஊசி இலவசம். வெறிநோய் வந்தபின் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்; 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் பிறந்ததே இந்நோயைத் தடுக்கத்தான். முதல் ஊசியோடு நின்றுவிடாதீர்கள். 3, 7, 28-ஆம் நாள்களிலும் போக வேண்டும்.

பிள்ளைகள் திட்டுக்குப் பயந்து மறைப்பார்கள். காலில் சின்னக் கீறல் தெரிந்தாலும் அன்பாகக் கேளுங்கள்.