நாங்கள் பார்த்த கொழும்பு

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்பின் சார்பில் பேச வேண்டும் என்று சங்கத்தினர் கேட்டபோது, எதைப் பேசுவது என்று வகுப்புத் தோழியர் கூடிக் கதைத்தோம். கடைசியில் எல்லோரும் ஒரே விடயத்தில் வந்து நின்றோம். அது 1992ஆம் ஆண்டு நாங்கள் போன கொழும்புச் சுற்றுலா. ஆகவே இது ஒருத்தியின் பேச்சல்ல. முப்பத்தெட்டுப் பேரின் ஞாபகம்.

கொழும்பை நாங்கள் பார்ப்பதற்கு முன்பே கொழும்பு நம் ஊருக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. சிவனொளிபாதமலைக் காலம் தொடங்கினால், டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரைக்கும், நல்லதண்ணிக்குப் போகிற பஸ்கள் மஸ்கெலியா கடைத்தெருவை நிறைத்துவிடும். வெள்ளை உடுத்த சிங்கள ஆச்சிமார், அரோகரா சொல்லும் நம்மவர், தொப்பி போட்ட நானாமார், ஜெபமாலையோடு வருகிறவர்கள் என்று எல்லோரும் ஒரே தேநீர்க்கடையில் நின்று ஒரே பிளேன் ரீயைக் குடிப்பார்கள். அதைப் பார்த்து வளர்ந்த நமக்குப் பல மதமும் பல மொழியும் புதிதல்ல. மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றும் காலங்களில் மூழ்கிய பழைய மஸ்கெலியா வெளியே தெரியும். அங்கே கோவிலும் பள்ளிவாசலும் விகாரையும் எட்டிக் கூப்பிடும் தூரத்தில்தான் இருந்தன.

தீபாவளிக்கும் கொழும்பு வரும். புறக்கோட்டைக் கடைகளில் வேலைக்கு நின்ற அண்ணன்மார் வாசனைச் சவர்க்காரமும் புதுச் சட்டையுமாக வந்து இறங்குவார்கள். ராத்திரியிலும் வெயில் அடிக்கிற மாதிரி லைட் எரியும் என்பார்கள். எவ்வளவு சம்பளம், எங்கே படுக்கை என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அந்த ஆண்டு எங்கள் வகுப்பில் முப்பத்தொன்பது பேர். சுற்றுலாவுக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஒருத்தி நின்றுவிட்டாள். அப்பாவுக்குச் சுகமில்லை, தம்பி தங்கை மூன்று பேர். கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். கணக்கில் அவள்தான் வகுப்பில் முதலாவது. பெயரைச் சொல்ல வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள் என்று அவளே இப்போது கேட்டுக்கொண்டதால் இதைச் சொல்கிறோம்.

சுற்றுலாவுக்குக் காசு கட்டியபோது எங்களுக்கு மிருகக்காட்சிசாலையைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. கொழும்பில் அவளைப் பார்த்துவிடலாம் என்பதுதான் அது. அவளுடைய அம்மா சொன்ன விலாசம் இவ்வளவுதான்: வெள்ளவத்தை, கடல் பக்கம், பச்சைக் கேற். எங்களுக்கு அது போதுமென்று பட்டது. மஸ்கெலியாவில் யாரையும் தேட அதற்கு மேல் தேவையில்லையே.

இரவு இரண்டு மணிக்குப் பஸ் புறப்பட்டது. எல்லோர் மடியிலும் ரொட்டியும் கட்டைச் சம்பலும். கினிகத்தேனை வளைவுகளில் பாதிப் பேர் வாந்தி. அவிசாவளையில் விடிந்தபோது ஸ்வெட்டர்களைக் கழற்றிப் பைக்குள் திணித்தோம். அந்த வெக்கையை நாங்கள் அதற்கு முன் அறிந்ததில்லை.

நூதனசாலையில் கண்டி அரசரின் சிம்மாசனத்தைப் பார்த்தோம். 1815இல் வெள்ளைக்காரர் எடுத்துக்கொண்டு போய் 1934இல் திருப்பித் தந்தது என்று டீச்சர் சொன்னார். கடைசி அரசரின் குடும்பத்தில் தமிழும் பேசினார்கள் என்று அவர் சொன்னதும் நாங்கள் ஆளை ஆள் பார்த்துக்கொண்டோம். காலிமுகத்திடலில் முதல் தடவையாகக் கடல். ஒருத்தி நெடுநேரம் பார்த்துவிட்டு, "டீச்சர், அந்தப் பக்கத்துக் கரை எங்கே?" என்று கேட்டாள். நாங்கள் சிரித்தோம். ஆனால் நீர்த்தேக்கத்தைப் பார்த்து வளர்ந்த எங்கள் எல்லோர் மனதிலும் இருந்த கேள்வியும் அதுதான்.

பிறகு புறக்கோட்டை. ஒரு தெருவுக்கு ஒரு சாமான் என்ற கணக்கு அங்கே. செட்டியார் தெருவில் தங்கம். அதே தெருவில்தான் கதிரேசன் கோவில்கள். ஆடிவேல் புறப்படும் இடம் அது. குறுக்குத் தெருக்களில் துணி, பாத்திரம், மிளகாய், வெங்காயம், கருவாடு. இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கிற சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல், 1908இல் கட்டத் தொடங்கியது. கொஞ்சம் மேலே ஏறினால் 1757இல் ஒல்லாந்தர் திறந்த வுல்பெண்டால் தேவாலயம். கொட்டாஞ்சேனைப் பக்கம் போனால் கொச்சிக்கடை அந்தோனியார் கோவில். அங்கே நேர்த்தி வைக்கிறவர்களில் கிறிஸ்தவர் யார், சைவர் யார், பௌத்தர் யார் என்று பிரிக்க முடியாது. 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த பின்னும், அதே ஆண்டு ஜூனில் திறந்தபோது எல்லா மதத்தவரும் திரும்பி வந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் எங்களில் இருவர் வழி தவறினோம். அழுதுகொண்டு நின்றபோது ஒரு துணிக்கடை நானா கல்லாவை விட்டு இறங்கி வந்தார். "எந்தத் தோட்டம் மகள்?" என்றார். ஊரைக் கேட்கவில்லை, தோட்டத்தைக் கேட்டார்! எங்கள் பேச்சைக் கேட்டே கண்டுபிடித்திருக்கிறார். கடைப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு எங்களோடு அனுப்பினார். அவனும் சாமிமலைப் பையன். போகும் வழியில் மூட்டை சுமந்த நாட்டாமைமாரில் நாலைந்து பேரைக் காட்டி, "இவரு பொகவந்தலாவ, அவரு நோர்வூட்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். நாங்கள் பார்க்கப் போன பெரிய நகரத்தின் பாரத்தைத் தூக்கிக்கொண்டிருந்தவர்கள் நம்முடைய ஆட்கள்.

மனிதருக்கு முன்னால் நம் தேயிலை அங்கே போய்விட்டது. கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் நடந்தது 1883 ஜூலை 30ஆம் திகதி. அடுத்த வருடம்தான் ஹட்டனுக்கு ரயில் வந்தது. நம் அம்மாமார் கிள்ளிய கொழுந்து நூற்று நாற்பது வருடமாக அந்த நகரத்துக்குப் போய், தரம் பார்க்கப்பட்டு, விலை சொல்லப்பட்டு, கப்பலேறுகிறது. கிள்ளியவர்களில் அநேகம் பேர் அந்த நகரத்தைப் பார்த்ததில்லை.

மாலையில் பஸ் காலி வீதி வழியே மிருகக்காட்சிசாலையிலிருந்து திரும்பியது. வெள்ளவத்தை வந்ததும் எல்லோரும் கடல் பக்க ஜன்னலுக்குப் பாய்ந்தோம். கடலுக்கு இறங்குகிற ஒவ்வொரு ஒழுங்கையையும் எட்டிப் பார்த்தோம். பச்சைக் கேற் ஒன்றல்ல, எத்தனையோ இருந்தன. பஸ் நிற்கவில்லை. பம்பலப்பிட்டி தாண்டியதும் யாரும் பேசவில்லை. அவளுக்கென்று வாங்கிய கண்ணாடி வளையல் ஊருக்கே திரும்பி வந்தது.

1998இல் எங்கள் வகுப்பிலிருந்து மூவர் பல்கலைக்கழகத்துக்காகக் கொழும்பு போனோம். யுத்த காலம் அது. சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறக்குவார்கள். அடையாள அட்டையில் தோட்டத்துப் பெயரைப் பார்த்துவிட்டு, இங்கே என்ன வேலை என்று கேட்பார்கள். படிக்கிறோம் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். வாடகைக்கு இருந்த வீட்டு யாழ்ப்பாணத்து அம்மா முதலில் எங்கள் தமிழைக் கேட்டுச் சிரித்தார். ஆறு மாதத்தில் நாங்கள் 'கதைக்க'ப் பழகினோம். அவர் எங்கள் ரொட்டிக்கும் சம்பலுக்கும் பழகினார். ஊருக்குப் போகும்போது வாசலில் நின்று, "கவனமாய்ப் போட்டு வாங்கோ பிள்ளையள்" என்பார். கொம்பனித்தெரு மலாய்க்காரப் பாட்டி ஒருவர் வார்ட்டில் எங்களிடம் தமிழில் வருத்தம் சொல்லி, மகளோடு மலாயில் பேசி, தாதியோடு சிங்களத்தில் சண்டை பிடிப்பார். 2001 கணக்கெடுப்பின்படி கொழும்பு மாநகரத்தில் எந்த ஓர் இனமும் பாதியை எட்டவில்லை. அந்தக் கணக்கின் அர்த்தம் எங்களுக்கு வார்ட்டில்தான் விளங்கியது.

வேறொன்றும் விளங்கியது. மலையகத்திலிருந்து மாற்றி அனுப்பப்பட்ட நோயாளிகள் மூன்று மொழி பேசும் அந்த நகரத்தில் வாய் திறவாமல் கிடப்பார்கள். என்ன ஒப்பரேஷன் என்று தெரியாமல் பெருவிரல் ரேகை வைத்தவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். கட்டிலருகில் போய், "எந்தத் தோட்டம் அம்மா?" என்று கேட்டால் போதும், அடக்கி வைத்த அழுகை வந்துவிடும். புறக்கோட்டை நானா எங்களிடம் கேட்ட கேள்வியைத்தான் நாங்கள் திருப்பிக் கேட்டோம்.

2003இல் உள்ளகப் பயிற்சியின்போது, ஒரு முதிய அம்மாவின் கட்டிலருகில் துணைக்கு நின்ற பெண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "ஏய், கணக்குக் கொப்பி குடுத்தியா?" என்றாள். தினமும் காலையில் வகுப்பில் அவள் கேட்கிற கேள்வி அது. பதினொரு வருடத்துக்குப் பிறகு பச்சைக் கேற்றைக் கண்டுபிடித்தோம்.

அவளிடம் நாங்கள் கேட்ட முட்டாள்தனமான கேள்வியையும் சொல்ல வேண்டும். "உனக்கு இப்போ கொழும்பு முழுக்கத் தெரியும் இல்லையா?" என்று கேட்டோம். அவள் சொன்னாள், "எனக்குக் கடைக்குப் போற ரோட்டு ஒண்ணுதான் தெரியும்." கடல் இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தது. சத்தம் தினமும் கேட்கும். போய்ப் பார்த்தது இரண்டு தடவை. அந்த வீட்டார் அடித்தவர்களல்ல, பட்டினி போட்டவர்களுமல்ல. தனியே வெளியே விடவில்லை, அவ்வளவுதான். பெற்றோருக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் இல்லாததால் அவளுக்கு அடையாள அட்டையும் இல்லை. அட்டை இல்லாமல் அந்தக் காலத்தில் தெருவில் இறங்கவும் பயம். அதே ஆண்டு ஒக்டோபரில்தான் 35ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறி, 1964 முதல் இங்கே வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பிரஜாவுரிமை கிடைத்தது. அட்டையை எடுத்துக்கொண்டு அடுத்த வருடம் ஊருக்கு வந்துவிட்டாள். இன்று கொழுந்து எடுக்கிறாள். அவளுடைய மகள் நம் பாடசாலையில் உயர்தரம் படிக்கிறாள், கணிதப் பிரிவில்.

அன்றிலிருந்து, பெரிய நகரம் எல்லோருக்கும் பெரிதல்ல என்று நாங்கள் எண்ணுகிறோம். உள்ளே போக எத்தனை கதவு திறக்கிறதோ, அவ்வளவுதான் அதன் அளவு. எங்களுக்கு ஒரு நானா, ஒரு யாழ்ப்பாணத்து அம்மா, சில ஆசிரியர்கள் கதவு திறந்தார்கள். அவளுக்கு ஒரு கேற் பூட்டியிருந்தது. இருவரும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அவள் எங்களைவிடக் கெட்டிக்காரி.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2021இல் வேலைக்கு நின்ற வீட்டில் தீக்காயமடைந்து நம் மலையகத்துச் சிறுமி ஒருத்தி இறந்ததை நாடே பேசியது. பதினாறு வயதுவரை படிப்பு கட்டாயம் என்பது சட்டம். ஆனால் வீட்டில் அரிசி இல்லாத அன்று சட்டப் புத்தகத்தை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அந்த நாளில் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும்.

ஆகையால் நூற்றாண்டு விழாவில் எங்கள் வகுப்பு மூன்று காரியங்களை முன்வைக்கிறது. முதலாவது, ஒரு பிள்ளை தொடர்ந்து இரண்டு வாரம் பாடசாலைக்கு வராவிட்டால் வகுப்பாசிரியை சங்கத்துக்குச் சொல்லட்டும். நாங்கள் லயத்துக்குப் போய்ப் பார்க்கிறோம். காசுதான் காரணமென்றால் அந்த வருடத்துச் செலவை எங்கள் வகுப்பு ஏற்கும். இரண்டாவது, பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம் என்பதை ஒவ்வொரு மாணவியும் மனப்பாடம் செய்யட்டும். மூன்றாவது, கொழும்பில் வாழ்கிற நம் பழைய மாணவியரின் பெயர்ப் பட்டியல் ஒன்றைச் சங்கம் வைத்திருக்கட்டும். படிக்கவோ, வேலைக்கோ, வைத்தியத்துக்கோ மஸ்கெலியாவிலிருந்து ஒருத்தி போனால், கோட்டை ரயில் நிலையத்தில் அவளைக் கூட்டிப்போக நம்மில் ஒருத்தி நிற்க வேண்டும். கண்டி, லண்டன், ரொறன்ரோ என்று எங்கிருந்து இந்த மலரைப் படிக்கிற அக்காமாரும் தங்கச்சிமாரும் உங்கள் நகரத்துக்கும் இப்படி ஒரு பட்டியலைத் தொடங்கலாம்.

பட்டியலின் முதல் பக்கத்தை எழுதிக்கொண்டு வந்திருக்கிறோம். அதில் பதினொரு பெயர் இருக்கிறது. தேநீர் வேளையில் வாசல் மேசையில் வைத்திருப்போம், உங்கள் பெயரையும் எழுதிவிட்டுப் போங்கள். போகும்போது உங்கள் பக்கத்தில் இருக்கிற தங்கச்சியிடம், எந்தத் தோட்டம் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.