கீழ்ப்படிதலின் விலையை யார் கொடுக்கிறார்கள்?



கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று இயேசு தம் சீடராக விரும்பியவர்களுக்குச் சொன்னார். லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரம் நமக்கு நன்கு தெரிந்ததே. அந்தச் செலவில் ஒரு பங்கு சீடரின் வீட்டார் தலையிலும் விழுகிறது. அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். அதற்கு ஓர் ஆஸ்திரிய உழவரையும் அவர் மனைவியையும் உங்கள் முன் நிறுத்துகிறேன்.

உழவரின் மறுப்பு

ஃபிரான்ஸ் யேகர்ஷ்டெட்டர் 1907-இல் சாங்ட் ராடெகுண்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். 1936-இல் ஃபிரான்சிஸ்காவை மணந்தார். மூன்று பெண் குழந்தைகள். உழவோடு, பின்னாளில் கோயில்பிள்ளை வேலையும் பார்த்தார். ஹிட்லர் ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டதற்கு ஒப்புதல் கேட்டு 1938-இல் நடந்த வாக்கெடுப்பில், அந்த ஊரில் எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவரே.

இராணுவப் பயிற்சிக்குப் போய்த் திரும்பியவர்தான். ஆனால் நாசிகளின் அநீதியான போரில் ஆயுதம் ஏந்துவது பாவம் என்ற முடிவுக்கு வந்தார். 1943 மார்ச் 1 அன்று என்ஸ் நகரப் படைமுகாமுக்குச் சென்று, போரிட மாட்டேன் என்று அறிவித்தார். காயம்பட்டோருக்கு உதவும் மருத்துவப் பணிக்கு ஆயத்தமாக இருந்தார், அது ஏற்கப்படவில்லை. ஜூலை 6 அன்று பெர்லினில் இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. ஆகஸ்ட் 9 அன்று பிராண்டன்பர்க் சிறையில் தலை துண்டிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 36. மூத்த மகளுக்கு ஆறு வயதுகூட நிறையவில்லை.

யாருக்குக் கீழ்ப்படிவது?

முடிவெடுக்குமுன் அவர் லின்ஸ் மறைமாவட்ட ஆயரைப் போய்ப் பார்த்தார். போர் நியாயமா இல்லையா என்று தீர்ப்பிடுவது உன் பொறுப்பல்ல, குடும்பத்தைப் பார் என்பதே ஆயரின் அறிவுரை. குருக்களும் உறவினரும் அதையே சொன்னார்கள். அவர் எல்லோரையும் மரியாதையோடு கேட்டார். செபித்தார், மறைநூலை வாசித்தார், தம் நியாயங்களை எழுதி எழுதித் தெளிந்தார். அதிகாரத்தில் இருப்பவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவதைக் கீழ்ப்படிதல் என்று அவர் ஏற்கவில்லை. மனச்சான்றில் கேட்ட கடவுளின் குரலுக்குப் பணிந்தார். அந்தப் பணிவுக்குத் தம் உயிரைக் கொடுத்தார்.

வீட்டில் இருந்தவர்

ஃபிரான்சிஸ்காவும் முதலில் கணவரின் மனத்தை மாற்றப் பார்த்தார். எல்லோரும் அவரை எதிர்த்து நிற்பதைக் கண்டதும் கணவர் பக்கம் வந்து நின்றார். 1943 ஜூலையில் ஊர்க் குருவோடு பெர்லினுக்கு ரயிலேறினார். அங்கே கிடைத்த சந்திப்பு சுமார் இருபது நிமிடம். அதிலும் மறுப்பைக் கைவிட்டு உயிர் பிழைத்துக்கொள் என்று குரு வற்புறுத்திக்கொண்டிருந்தார். கணவன் மனைவி ஒருவரையொருவர் கடைசியாகக் கண்டது அதுதான்.

பிறகு நிலத்து வேலை முழுவதும் ஃபிரான்சிஸ்காவின் தலையில். உன் பக்திதான் அவனைக் கெடுத்தது என்று ஊர் அவரைப் பழித்தது. போர் முடிந்த பின்னும், போரில் கணவரை இழந்த பெண்களுக்குரிய உதவித்தொகை 1950 வரை அவருக்குக் கிடைக்கவில்லை. ஃபிரான்சைப் பற்றிய கட்டுரை மறைமாவட்ட இதழில் வருவதை 1946-இல் அதே ஆயர் தடுத்தார். மரண தண்டனைத் தீர்ப்பை பெர்லின் நீதிமன்றம் ரத்து செய்தது 1997-இல். ஃபிரான்ஸ் அருளாளராக உயர்த்தப்பட்டது 2007 அக்டோபர் 26 அன்று. 94 வயது மனைவி அந்த வழிபாட்டில் இருந்தார். கணவர் இறந்து 64 ஆண்டுகள் கடந்திருந்தன. ஃபிரான்சிஸ்கா தம் நூறு வயதில், 2013-இல் காலமானார்.

ஃபிரான்சுக்கு உயிரை இழக்க நேர்ந்தது நாசி அரசின் கொடுமையால். ஃபிரான்சிஸ்கா சுமந்ததில் பெரும்பகுதி ஊரும் திருச்சபையும் கைவிட்டதால் வந்தது. அந்தப் பாரத்தைக் குறைக்க அவர்களால் முடிந்திருக்கும்.

நம் கடமை

தியாகம் தானாக முன்வந்து செய்ய வேண்டியது. ஃபிரான்ஸ் தம் வழியைப் பிறர்மேல் திணிக்கவில்லை. நம் பங்குகளிலோ, குடிகாரக் கணவனிடம் அடிவாங்கி வந்து நிற்கும் பெண்ணிடம் சிலுவையைச் சுமந்துகொள் அம்மா என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறோம். அது சீடத்துவம் ஆகாது. நம் பொறுப்பை அவள் தோளில் ஏற்றுவதாகும். அந்தப் பேச்சை இன்றோடு நிறுத்துவோம்.

லஞ்சம் வாங்க மறுத்து வேலையிழந்தவர், பொய்ச்சாட்சி சொல்ல மறுத்து வழக்கில் சிக்கியவர் என நம்மிடையேயும் விலை கொடுப்போர் உண்டு. அவர்களை மேடையேற்றி மாலை போடுவதற்கு முன், அவர்கள் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டுங்கள். வீட்டு வாடகைக்கு வழி செய்யுங்கள். வழக்கு நாளில் கூடப் போய் நில்லுங்கள். இதைச் செய்ய முன்வராத சபைக்குத் தியாகத்தைப் பற்றிப் போதிக்கும் உரிமை இல்லை.