பாடசாலைக் கீதமும் ஒரு பழைய எக்கோப் பெட்டியும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



சற்று முன் ஒலித்த பாடசாலைக் கீதத்தைப் பாடியது எங்கள் வகுப்பைச் சேர்ந்த ஆறு பேர்தான். "மண்டபம் நிறையப் பாடினது போல இருந்ததே, எப்படி?" என்று பலர் கேட்டீர்கள். 1974இல் வெளிவந்த ரோலண்ட் ஆர்ஈ-201 என்ற எக்கோப் பெட்டியை இரவல் வாங்கியிருந்தோம்.

அதற்குள் ஒலிநாடா வளையமொன்று சுற்றுகிறது. குரலை ஒரு தலை பதிகிறது. அடுத்து நிற்கும் மூன்று தலைகள் சற்றுத் தாமதித்து அதைத் திருப்பித் தருகின்றன. தாமதத்தைக் குறுக்கினோம், ஆறு குரல்களும் தடித்தன. ஜமெய்க்காவில் கிங் டபி, லீ பெரி போன்றோர் செய்தது போல, அடியின் கடைசிச் சொல்லை மட்டும் பெட்டிக்குள் விட்டோம். எங்கள் பழைய மண்டபத்துச் சுவரில் பட்டுத் திரும்புவது போலக் கேட்டது. மணியோசைக்கு நாடாவின் வேகத்தை மெல்லக் குறைத்தோம். சுருதி இறங்கி, தூரத்து மணியாயிற்று.

முதலடியைத் தனியே பாடும் குரல் யாருடையதென்று எங்கள் வகுப்பார் அறிவர். பள்ளி நாட்களில் பதிந்த கசெற்றிலிருந்து எடுத்தோம். அவள் இன்று எங்களோடு இல்லை. அக்குரலையும் பெட்டிக்குள் விட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு சுற்றிலும் தெளிவு குறைந்து, கடைசியில் இரைச்சலே மிஞ்சியது. உடனே நிறுத்தினோம். அவள் குரலை உள்ளபடியே விட்டிருக்கிறோம்.

உங்கள் அலுமாரிகளிலும் இப்படியான கசெற்றுகள் கிடக்கும். பூஞ்சணம் பிடிக்கும் முன் பிரதியெடுத்து வையுங்கள். எங்கள் ஆசிரியர்களின் குரல்களும் அவற்றில் இருக்கக்கூடும்.