பிள்ளையின் நலனுக்கே!

(தலைப்பு: பெயர் பெற்ற பள்ளியில் இடம் தேடி அலைவது பிள்ளையின் நலனுக்கா? பெற்றோரின் பெருமைக்கா?)

    

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழர் ஒரு காட்சி சொன்னார். விடியற்காலை நாலு மணி. பள்ளிக்கூட வாசல். விண்ணப்பம் வாங்க வந்த அப்பா, வரிசையில் தன் செருப்பைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். "அட்மிஷன் பிள்ளைக்கா, செருப்புக்கா?" என்று கேட்டார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைக்கு அணி கிடையாது, ஐயா.

ஆனால் நான் ஒன்று கேட்கிறேன். அந்தச் செருப்பை யாராவது உற்றுப் பார்த்தீர்களா? வார் அறுந்து, ஊக்குக் குத்தின செருப்பு அது. பெருமைக்காக வருகிறவர் செருப்பை வரிசையில் போட மாட்டார். அவர் காரிலே வருவார். கையிலே சிபாரிசுக் கடிதம் இருக்கும். அவருக்கு வரிசையே கிடையாது! வரிசையில் நிற்கிறவர் சிபாரிசுக்கு ஆள் இல்லாதவர். அவரையா நீங்கள் பெருமைக்காரர் என்கிறீர்கள்?

பொதுவாகப் பேசினால் பேச்சு கரை சேராது. அதனால் ஒரு வகைப் பள்ளியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆங்கிலிக்கன் சபை என்று சொல்லப்படுகிற இங்கிலாந்துத் திருச்சபையின் ஊழியர்கள் நம் நாட்டிலே தொடங்கிய பள்ளிகள். தென்னிந்தியாவிலே அந்தச் சபை 1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னையிலே மற்றச் சபைகளோடு இணைந்து தென்னிந்தியத் திருச்சபை ஆகிவிட்டது. நாம் சுருக்கமாக 'சி.எஸ்.ஐ. ஸ்கூல்' என்கிறோம். பழைய கட்டடம், பெரிய மைதானம், வேப்பமர நிழல், கணீர் என்று ஒரு மணி. கோவிலுக்குப் போகிறவரும் மசூதிக்குப் போகிறவரும்கூடப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு விண்ணப்பம் வாங்கப் போகிற இடம்.

எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டி வைத்துத் துணி தேய்க்கிற ஒரு அம்மா இருக்கிறார். கணவர் இல்லை. ஒரே பெண் குழந்தை. ஒருநாள் சாயங்காலம் கையிலே படிவத்தோடு என் வீட்டுக்கு வந்தார். "வாத்தியாரய்யா, இதக் கொஞ்சம் எழுதிக் கொடுங்க. பாப்பாவை ஒண்ணாங் கிளாஸ் சேர்க்கணும்" என்றார். வாங்கிப் பார்த்தேன். நம்ம ஊரிலே பெயர் பெற்ற அப்படி ஒரு பள்ளியின் விண்ணப்பம்.

எழுத ஆரம்பித்தேன். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, அதெல்லாம் கடகடவென்று வந்துவிட்டது. அடுத்து 'ஞானஸ்நானம் பெற்ற தேதி' என்று ஒரு கட்டம். அந்தம்மா விழித்தார். "குளிப்பாட்டுன தேதிங்களாய்யா? அது தினமும்தான் குளிப்பாட்டுறேன்" என்றார். "இல்லம்மா, இது கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு உள்ளது, நாம கோடு போட்டுடலாம்" என்றேன். அடுத்த கட்டம், தாயின் கல்வித் தகுதி. "அதுக்கும் ஒரு கோடு போட்டுடுங்கய்யா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் பேனா ஓடவில்லை.

எதிரணி கேட்ட அதே கேள்வியை நானும் கேட்டேன். "ஏம்மா, பக்கத்துத் தெருவிலே இங்கிலீஷ் ஸ்கூல் ஒண்ணு பளபளன்னு இருக்கே. பஸ் வீட்டு வாசலுக்கே வருது. அதை விட்டுட்டு ஏன் இந்தப் பள்ளிக்கூடம்?"

அந்தம்மா சொன்ன பதில் இருக்கிறதே, கல்வியியலிலே டாக்டர் பட்டம் வாங்கியவர்களும் சொல்லியிருக்க மாட்டார்கள். "அய்யா, ரெண்டு பள்ளிக்கூடத்து யூனிபாரமும் பத்து வருஷமா நான்தான் தேய்க்கிறேன். இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க கால்சட்டையில முட்டிக்கிட்ட செம்மண் கறை இருக்கும். எத்தனை தடவ துவைச்சாலும் போகாது. அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு முட்டி அப்படியே புதுசா இருக்கு. பின்பக்கம்தான் தேஞ்சு போயிருக்கு!"

எப்படி இருக்கிறது ஆய்வு! ஒரு பள்ளியிலே பிள்ளையை ஓட விடுகிறார்கள். இன்னொரு பள்ளியிலே உட்கார்த்தியே வைத்திருக்கிறார்கள். நாமெல்லாம் விளம்பரப் பலகையைப் பார்த்துப் பள்ளிக்கூடம் தேடுகிறோம். அந்தம்மா கால்சட்டையைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். இதிலே பெருமை எங்கே இருக்கிறது நடுவர் அவர்களே? பத்து வருஷமாக ஊரார் பிள்ளைகளுக்கு மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொடுத்த சீருடை. அதிலே ஒன்று என் பிள்ளைக்கும் இருக்கட்டுமே என்று ஒரு தாய் நினைத்தால், அது பேராசையா?

"இதெல்லாம் பெரிய இடத்துப் பள்ளி, அந்தம்மாவுக்கு எதற்கு?" என்று எதிரணி நினைக்கலாம். வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. 1715ஆம் ஆண்டு. சென்னைக் கோட்டையிலே புனித மேரி தேவாலயத்தைச் சார்ந்து ஒரு பள்ளி தொடங்கினார்கள். அதற்கு என்ன பெயர் தெரியுமா? தருமப் பள்ளி! கோட்டையைச் சுற்றி வாழ்ந்த ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. இன்றைக்குப் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலே செயின்ட் ஜார்ஜ் ஆங்கிலோ இந்தியன் பள்ளி என்று நிற்கிறதே, அதன் வேர் அதுதான்.

1789ஆம் ஆண்டு. எழும்பூரிலே படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கு ஒரு விடுதிப் பள்ளி. அதை நடத்தியவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார். அவர் ஒருநாள் நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பார்க்கிறார். பிள்ளைகள் மணலிலே விரலால் எழுதுகிறார்கள். 'அட, இது நன்றாக இருக்கிறதே' என்று தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். அங்கே இருந்த ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். பெல் என்ன செய்தார்? எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, "சின்னப் பிள்ளைகளுக்கு நீ சொல்லிக் கொடு" என்று விட்டுவிட்டார். நம்ம ஊர்ச் சட்டாம்பிள்ளை முறை! 1797இலே அதை லண்டனிலே புத்தகமாகப் போட்டார். 'மதராஸ் முறை' என்றே பெயர். பிறகு இங்கிலாந்துத் திருச்சபையின் ஏழைப் பள்ளிகளிலே அதுதான் நடைமுறை.

இதன் பொருள் என்ன? இங்கிலாந்திலே திருச்சபைப் பள்ளிக்கூடத்துக்குப் போன ஏழைப் பிள்ளை, நம்ம திண்ணையிலிருந்து போன முறையிலே படித்தது. அதே திருச்சபை இங்கே கட்டிய பள்ளியின் வாசலிலே நம்ம ஊர் ஏழைப் பிள்ளை நின்றால், ஐயா, அது கடன் கேட்டு வரவில்லை. கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டு வந்திருக்கிறது!

பாளையங்கோட்டைக்கு வாருங்கள். சாராள் தக்கர் பெயரிலே பெண்கள் பள்ளி இருக்கிறது. 1895இலிருந்து கல்லூரியும் இருக்கிறது. சாராள் தக்கர் உடல் நலிந்த ஒரு ஆங்கிலேயப் பெண்மணி. அவர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை! சகோதரர் சென்னையிலே சபை ஊழியர். இங்குள்ள பெண்களுக்குப் படிப்பு இல்லை என்று கேள்விப்பட்டு மனம் கலங்கினார். யார் பெற்ற பெண்ணுக்காகவோ எங்கேயோ இருந்த ஒருத்தி கலங்கினால் அது தொண்டு. தான் பெற்ற பெண்ணுக்காக ஒரு தாய் கலங்கினால் அது மட்டும் வீண் பெருமையா? நியாயம் சொல்லுங்கள்.

"ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பித் தமிழைக் கொல்கிறார்கள்" என்று எதிரணியிலே ஒரு கணை வந்தது. நான் தமிழ் வாத்தியார். எனக்கும் அந்த வலி உண்டு. ஆனால் பழியை வரிசையிலே நிற்கிறவர் தலையிலே போடாதீர்கள். திருக்குறளை 1886இலும் திருவாசகத்தை 1900இலும் ஆங்கிலத்திலே தந்த ஜி.யு. போப் யார்? ஆங்கிலிக்கன் ஊழியர். சாயர்புரத்திலே பள்ளி நடத்தியவர். பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளிக்குத் தலைமை ஆசிரியராக இருந்தவர். அவரிடம் ஆங்கிலமும் இருந்தது, தமிழும் இருந்தது. தமிழ் கெடுவது பள்ளியின் பெயரால் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் பிள்ளையோடு தமிழிலே பேச மறுக்கிற நம்மால்தான்.

சரி, விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள். நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். நேர்காணல் பிள்ளைக்கு இல்லை, அம்மாவுக்கு! "நீங்க படிக்கலையே, வீட்டுப்பாடம் யார் சொல்லிக் கொடுப்பா?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்தம்மா சொன்னாராம்: "நான் வண்டியில தேய்ச்சுக்கிட்டு இருப்பேங்க. பாப்பா பக்கத்துல உக்காந்து சத்தமாப் படிக்கும். தப்பாப் படிச்சா எனக்குத் தெரியாது. நிறுத்துனா எனக்குத் தெரியும்."

ஐயா, இந்த ஒரு பதிலுக்கே இடம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2009இலே இயற்றி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம். நன்கொடை வாங்கக் கூடாது. பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு, நேர்காணல் வைத்து வடிகட்டக் கூடாது. வைத்தால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம். அடுத்த ஒவ்வொரு முறைக்கும் 50,000 வரை. தனியார் பள்ளியின் நுழைவு வகுப்பிலே நூற்றுக்கு 25 இடம் நலிந்த பிரிவினருக்கு என்றும் அது சொல்கிறது. ஆனால் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014 மே 6இலே உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பைப் பெரிய அமர்வு மறுபடி பார்க்கட்டும் என்று 2025 செப்டம்பர் 1இலே இரண்டு நீதிபதிகள் அமர்வு தலைமை நீதிபதிக்கு அனுப்பியிருக்கிறது.

சிறுபான்மையினர் தங்கள் பள்ளியைத் தாங்களே நடத்துவது அரசியல் சட்டம் தந்த உரிமை. அதிலே எனக்கு மறுப்பு இல்லை. சபைப் பிள்ளைகளுக்கு முதலிடம் என்றால் அதுவும் நியாயம்தான். நான் கேட்பது சட்டத்தை இல்லை, மனசாட்சியை! தருமப் பள்ளி என்று பெயர் வைத்துத் தொடங்கிய மரபிலே வந்தவர்கள், தாயின் கல்வித் தகுதி என்ற கட்டத்திலே விழுந்த கோட்டைப் பார்த்துப் பிள்ளையை ஒதுக்கலாமா? அந்தக் கோடு விழுந்த வீட்டுக்குத்தானே முதலில் பள்ளிக்கூடம் வேண்டும்?

இனி, நடுவர் அவர்கள் தீர்ப்புக்குத் தேவையான சாட்சியத்தைச் சொல்கிறேன். நலனா, பெருமையா என்று இடம் கிடைக்கிறபோது தெரியாது. கிடைக்காதபோதுதான் தெரியும். பெருமைக்குக் கேட்டவர் ஊருக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிப்பார். பிள்ளைக்குக் கேட்டவர் அடுத்த பள்ளிக்கூடம் எங்கே என்று யோசிப்பார். அந்தம்மா மறுநாளே மாநகராட்சிப் பள்ளி வாசலிலே போய், பிள்ளைகள் வெளியே வருகிற நேரம் பார்த்து நின்றிருக்கிறார். என்னிடம் வந்து சொன்னார்: "முட்டியப் பார்த்தேன் அய்யா. செம்மண் இருக்கு. சேர்த்துட்டேன். ஆறாம் வகுப்புக்கு அங்க திரும்ப விண்ணப்பம் போடுவேன். அப்ப நீங்க எழுத வேண்டாம், பாப்பாவே எழுதிரும்."

இவரையா பெருமைக்கு அலைந்தார் என்பது?

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. விண்ணப்பம் வாங்கப் போகிற நாளிலே வரவேற்பறையைப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வருகிற நேரத்திலே வாசலிலே நில்லுங்கள். அந்த முகங்களைப் பாருங்கள். குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா, கழிப்பறை சுத்தமா, ஆசிரியர் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா என்று பாருங்கள். ஒரு பள்ளியிலே இடம் இல்லை என்றால், அந்தக் கோபத்தைப் பிள்ளை முன்னால் காட்டாதீர்கள். 'நாம் தோற்றுவிட்டோம்' என்று ஆறு வயதிலே அது நினைக்கக் கூடாது.

அவைக்குப் பிள்ளையை முந்தியிருக்கச் செய்வது தந்தையின் கடமை என்று வள்ளுவர் சொல்லிவிட்டுப் போனார். அந்த அவையின் வாசலிலே, விடியற்காலை நாலு மணிக்கு, பனியிலே துண்டைப் போர்த்திக்கொண்டு நிற்கிறவர்கள்தான் நம்ம பெற்றோர்கள். அவர்கள் நிற்பது பெருமைக்கு இல்லை, பிள்ளையின் நலனுக்கே, நலனுக்கே என்று நல்ல தீர்ப்பை வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.